வைத்திலிங்கத்தின் மகள்மார் ஓடுகிறார்கள்

1

போன ஞாயிற்றுக்கிழமை, முன்பின் தெரியாத சனம் தெருவின் இரண்டு பக்கமும் நின்று என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்தியது.

"ஹையா வைத்திலிங்கம்! ஹையா, ஹையா!"

நோர்வேக்காரரின் நாக்குக்கு அது லேசான பெயர் இல்லை. சிலர் "வைட்டி" என்றார்கள். சிலர் "லிங்கம்" மட்டும் பிடித்துக்கொண்டார்கள். தகப்பனின் தோளில் இருந்த ஒரு சின்னப் பெட்டை மட்டும் முழுப் பெயரையும் பிசகாமல் சொல்லிக் கை தட்டினாள். "ஹையா" என்றால் இங்கே "விடாதே, போ, போ" என்று அர்த்தம். அப்பா இருந்து இதைக் கேட்டிருந்தால் கூச்சத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போயிருப்பார்.

அப்பா கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத மனிதர். ஓடியது நான், அவருடைய இரண்டாவது மகள் வசந்தி, ஐம்பது வயதைத் தாண்டியவள். பெர்கன் நகரத்தில் வருடாவருடம் குளிர் விட்டதும் நடக்கிற பத்துக் கிலோமீற்றர் ஓட்டம் அது. நெஞ்சில் குத்துகிற இலக்கத்தின் கீழே ஓடுகிறவரின் முதற்பெயரைப் பெரிய எழுத்தில் அடித்துத் தருவார்கள், பார்ப்பவர்கள் கூப்பிட்டு உற்சாகப்படுத்த வசதியாக.

எங்கள் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கும் சொந்தப் பெயர் பின்னுக்கும் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் கலியாணம் கட்டி இங்கே வந்து இறங்கியபோது பதிவுக் கந்தோரில் இருந்தவருக்கு அது தெரியாது. முன்னுக்கு இருந்ததை என் பெயராகவும் பின்னுக்கு இருந்ததைக் குடும்பப் பெயராகவும் எழுதிவிட்டார். திருத்தப் போனேன்.

"வைத்திலிங்கம் யார்?"

"என் அப்பா."

"அப்போ அவருடைய குடும்பப் பெயர் என்ன?"

"அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை."

அந்த மனிதர் என்னை அவ்வளவு இரக்கத்தோடு பார்த்தார். தாய் தகப்பன் இல்லாமல் எங்கோ விடுதியில் வளர்ந்த ஒருவரின் மகள் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு, கொழும்பிலிருந்து இன்னும் சில பத்திரங்கள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார். போதுமடா சாமி என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து இந்த நாட்டில் வங்கியும் பல் டொக்டரும் என்னை வைத்திலிங்கம் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

என் மகள் நிலா ஒஸ்லோவில் படிக்கிறாள். ஓட்டத்துக்கென்று ரயிலேறி வந்து, முடிகிற இடத்தில் நின்று எல்லோரையும் விடப் பெரிதாகக் கத்தினாள்: "ஹையா அம்மப்பா!" அவளுக்கு வாயில் நிற்கிற தமிழ்ச் சொற்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகின்றன. இந்த ஒரு சொல்லாவது தப்பிப் பிழைத்ததே என்று நான் மூச்சு வாங்கிக்கொண்டே சந்தோஷப்பட்டேன்.

இவர், அதாவது என் வீட்டுக்காரர், காருக்குப் பக்கத்தில் சாய்ந்துகொண்டு நின்றார். "மாமா இவ்வளவு கெதியா ஓடுவார் எண்டு நான் நினைக்கேல்லை" என்றார்.

2

இந்த ஓட்டப் பைத்தியம் எனக்கு நூலகத்தில் பிடித்தது.

நான் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை ஓய்வு. காலையில் முதுகுப்பையில் புத்தகங்களைப் போட்டுக்கொண்டு நகர நூலகத்துக்குப் போவது பழைய வழக்கம். வந்த புதிதில் மொழி படிக்க அங்கே போனேன். பிறகு நிலாவுக்குப் படப் புத்தகம் எடுக்கப் போனேன். இப்போது எனக்காகப் போகிறேன். தமிழ்ப் புத்தகங்களுக்கு அங்கே ஒரே ஒரு தட்டு. எல்லாவற்றையும் இரண்டு மூன்று தரம் வாசித்தாகிவிட்டது. இருந்தாலும் போனவுடன் அந்தத் தட்டை ஒருக்கால் பார்க்காமல் மற்றப் பக்கம் திரும்ப மாட்டேன். சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் முதலில் பெரியவர்களைக் கும்பிடுவதுபோல் அது ஒரு மரியாதை.

சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, நூலகப் படியில் கொஞ்சப் பெண்கள் கால்களை மடக்கி நீட்டிக்கொண்டு நின்றார்கள். "ஓடத் தெரியாதவர்களுக்கான ஓட்டக் குழு" என்றார்கள். இங்கிரிட் என்கிற நரைத்த தலைக்காரி என்னைப் பிடித்து வரிசையில் நிறுத்திவிட்டாள். நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற குளத்தைச் சுற்றி ஒரு சுற்று. அரைவாசியில் எனக்குச் சீவன் போய்விட்டது.

"ஏன் அடிக்கடி திரும்பிப் பார்க்கிறாய்? யாரும் வருகிறார்களா?" என்று இங்கிரிட் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் ஓடும்போது பின்னால் பார்த்துக்கொண்டே ஓடுகிறேன் என்று. திங்கட்கிழமை வேலையிடத்தில் இன்னொரு கூத்து. "சனிக்கிழமை ஓடினேன்" என்று சொல்வதற்குப் பதில், "சனிக்கிழமை தப்பியோடினேன்" என்று நோர்வே மொழியில் சொல்லிவைத்தேன். கூட வேலை செய்கிறவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "யாரிடமிருந்து?" என்று கேட்டாள்.

ஓட்டக் குழுவில் ஒவ்வொரு சனியும் ஒருவர் கேக் கொண்டுவர வேண்டும். ஓடி எரித்ததை அங்கேயே உட்கார்ந்து திரும்ப நிரப்பிக்கொள்கிற நல்ல ஏற்பாடு. என் முறை வந்தபோது பட்டர் கேக் அடித்து, நேராக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒயில் பேப்பரில் சுற்றி அடுக்கிக்கொண்டு போனேன். பிறந்தநாளுக்கு வந்தவர்களுக்கு நாங்கள் கொடுத்தனுப்புவதும் அப்படித்தானே. அவர்கள் ஆளுக்கொரு துண்டை எடுத்து, நன்றி சொல்லி, பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தியும் பிரிக்கவில்லை. எல்லோரும் வெறும் கோப்பியைக் குடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கேக் பிடிக்கவில்லையாக்கும் என்று நான் மனம் சுருங்கிப் போய் வீட்டுக்கு வந்தேன். அடுத்த கிழமை இங்கிரிட் வந்து, "அந்தப் பரிசு கேக் இன்னும் இருக்கிறதா? என் புருஷன் எனக்கு ஒரு துண்டுகூடத் தரவில்லை" என்றாள்.

அந்தப் பட்டர் கேக் என் அக்காவின் கைப்பக்குவம். இந்தக் குறிப்பை நான் எழுதுவதே அக்காவுக்காகத்தான்.

3

அக்காவின் பெயர் சாந்தி. என்னைவிட நாலு வயது மூப்பு. சின்ன வயதில் நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். வீட்டில் கேக் சுடுகிற 'அவன்' அடுப்புக் கிடையாது. பக்கத்து வீட்டு அன்ரி நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் அடித்தால், பாண் போட்டு முடிந்த பேக்கரி அடுப்புச் சூட்டில் வைத்து எடுக்கத் தட்டைக் கொடுத்தனுப்புவார். அடித்த மா இறுகிச் சப்பையாகிவிடும் முன்னம் போய்ச் சேர வேண்டும். அதற்கு எப்போதும் அக்காதான். தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, சனத்துக்குள்ளும் கைவண்டிகளுக்குள்ளும் வளைந்து வளைந்து ஓடுவாள். தலை அசையாது, தட்டு அசையாது, கால் மட்டும் பறக்கும். நான் பின்னால் என் பாட்டுக்குப் போவேன். கூலியாக எங்களுக்கு ஓரத்துக் கேக் கிடைக்கும்.

பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் அஞ்சலோட்டத்தில் கடைசியாக ஓடுகிறவள் அக்கா. கோலை அவள் கையில் கொடுத்துவிட்டால் வென்றமாதிரிதான் என்று அவளுடைய ரீச்சர் சொல்லுவார்.

பிறகு ஆடிக் கலவரம் வந்தது. நாங்கள் வெள்ளவத்தைக்கு வந்தோம். அந்தக் கதைகளை நான் இங்கே விரிக்கப் போவதில்லை. வாசிக்கிற உங்களிடம் அவரவர் கதை இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது: ரோட்டில் ஓடக் கூடாது. தமிழ் ஆள் ஓடினால் ஏன் ஓடுகிறான் என்று பார்க்க நாலு பேர் திரும்புவார்கள். நிறுத்துவார்கள், கேட்பார்கள். "பஸ் போனால் போகட்டும். மழை பெய்தால் நனையுங்கோ. ஓடாதேங்கோ" என்று அப்பா சொல்லுவார். காலி வீதியில் கொட்டுகிற மழைக்குள், முழுச் சனமும் கடைத் தாழ்வாரங்களுக்கு ஓட, நாங்கள் நாலு பேரும் ஊர்வலம் போவதுபோல் நிதானமாக நடந்துபோவோம். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அப்போது சிரிக்கவில்லை.

அக்கா அஞ்சலோட்டத்தை விட்டாள். யாரும் விடச் சொல்லவில்லை. பயிற்சி முடிந்து வரப் பிந்துகிறது என்று அம்மா ஒருநாள் அழுதார், அவ்வளவுதான். ஓட்டச் சப்பாத்து ஒன்றுவிட்ட தங்கச்சிக்குப் போனது. அக்காவின் கெட்டித்தனம் முழுக்கக் கேக்குக்குள் போய் இறங்கியது.

4

அக்கா இப்போதும் வெள்ளவத்தையில்தான், கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையொன்றில் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். மகன் மெல்பேணில். அத்தான் மூன்று வருடத்துக்கு முன் கண்ணை மூடிவிட்டார். நல்ல மனிதர். பின்னேரமானால் இரண்டு பேரும் மரைன் டிரைவில் நடந்து, இறால் வடை வாங்கித் தின்றுகொண்டு, ரயில் பார்த்துவிட்டு வருவார்கள். அத்தான் போன பிறகு அக்கா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மரக்கறி போனில் வரும், மருந்து போனில் வரும். கேக் அடித்தால் அதுகூடத் திறீவீலரில் ஏறிப் போகும், இவள் இறங்க மாட்டாள்.

இதற்குள் சுகர் ஏறிப் பாதம் மரத்துப்போகத் தொடங்கியது. "தினம் நடவுங்கோ. நடக்காட்டில் பிறகு நான் காலுக்குப் பொறுப்பில்லை" என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இதை அக்கா எனக்குச் சொல்லவில்லை. கீழ்மாடியில் இருக்கிற ஃபரீதாதான் போனில் சொன்னாள். பனி கொட்டுகிற ஊரில் இருந்துகொண்டு, கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறவளை எப்படி வெளியே இறக்குவது?

மார்கழி லீவில் நிலாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவுக்கு அளவெடுத்து வாங்கிய ஊதாச் சப்பாத்து ஒரு சோடி பெட்டியில் இருந்தது. அக்கா திறந்து பார்த்தாள், தடவினாள், மணந்து பார்த்தாள், அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"கலியாணவீடு ஏதும் வந்தால் போடுறன்."

"அக்கா, இது நடக்கிறதுக்கு."

"தெரியுதடி. நாளைக்குப் பாப்பம்."

நாளைக்குப் பாப்பம் என்று இரண்டு கிழமை போனது. ஒருநாள் கால் நோவு, ஒருநாள் வெயில், ஒருநாள் விரதம். நிலா அவளுக்குத் தெரிந்த தமிழில், "பெரியம்மா, கடல், நாங்கள், வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பெரியம்மா அவளை அப்படியே குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய், பட்டரும் சீனியும் அடிக்கக் காட்டிக்கொடுத்தாள். இருவருக்கும் பொதுவான மொழி அதிகம் இல்லாவிட்டாலும் கேக் நன்றாக வந்தது. எனக்கோ நாள் குறைந்துகொண்டு வந்தது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கோபம் வந்து கத்தியே விட்டேன்.

"காலை எடுத்தாப் பிறகு ஆர் உங்களைப் பாக்கிறது? நான் அங்கை, உங்கடை மகன் இன்னொரு மூலையிலை."

அக்கா தட்டைக் கழுவிக்கொண்டு, "அவர் இல்லாமல் அந்த ரோட்டைப் பாக்க எனக்கு ஏலாதடி" என்றாள்.

5

பிரயாணத்துக்கு இரண்டு நாள் இருக்க, விடியப்புறம் நான் தனியே ஓடப் போனேன். அக்கா சாமியறையில் இருந்தாள், நிலா நித்திரை. சொல்லாமல் இறங்கிவிட்டேன். வெள்ளவத்தையில் ஓடுவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கேற்றைத் தாண்டியதும் கால் கொஞ்சம் கூசியது. பிறகு ஓடினேன்.

வாசலில் காவலுக்கு நிற்கிற சோமே அய்யாவுக்கு எங்கள் குடும்பத்தைப் பல வருடமாகத் தெரியும். "மொகத வுனே நோனா?" என்று சிங்களத்தில் கத்திக் கேட்டார். என்ன நடந்தது என்கிறார். நான் கையை ஆட்டிவிட்டு ஓடினேன். அங்கேதான் பிழை நடந்தது. விடியப்புறம், ஐம்பது தாண்டிய ஒரு தமிழ்ப் பொம்பிளை, தலைமுடி குலைய, பதில் சொல்லாமல் ஒழுங்கையால் ஓடுகிறாள். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்கிறது: யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது.

சோமே அய்யா உள்வீட்டுப் போனை எடுத்து அக்காவுக்கு அடித்திருக்கிறார். "நோனாகே நங்கி துவனவா!" தங்கச்சி ஓடுகிறாளாம். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. எங்கே என்றும் கேட்கவில்லை.

நான் இது ஒன்றும் தெரியாமல் மரைன் டிரைவில் பம்பலப்பிட்டிப் பக்கமாகப் போய், கடற்காற்றில் மனம் கொஞ்சம் இளகித் திரும்பி வந்துகொண்டிருந்தேன். தூரத்தில் மூன்று பேர் என்னை நோக்கி ஓடி வருவது தெரிந்தது. முன்னால் பூப்போட்ட ஹவுஸ்கோட். அதற்குப் பின்னால் முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தண்ணீர்ப் போத்தலோடு ஃபரீதா. அவளுக்கும் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்த சோமே அய்யா. ஹவுஸ்கோட் யாரென்று மட்டுப் பிடிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. தலை அசையாமல், தோள் அசையாமல், கால் மட்டும் பறக்க ஓடி வந்தது என் அக்கா.

ஐயோ, நிலாவுக்கு என்னவோ என்று நினைத்தேன். விழுந்தடித்து ஓடினேன். நான் ஓடுகிறதைக் கண்டு அக்கா இன்னும் கடுமையாக ஓடினாள். நடுரோட்டில் இரண்டு பேரும் மோதாத குறையாக ஆளை ஆள் பிடித்துக்கொண்டோம்.

"ஆருக்கு என்னடி?"

"ஆருக்கு என்னக்கா?"

"எனக்கென்ன தெரியும், நீதானே ஓடினனி!"

"நிலா எங்கை?"

"அவள் படுத்திருக்கிறாள். நீ ஏன் ஓடினனி?"

"சும்மா."

"சும்மாவோ? சும்மா ஆரும் ஓடுவினமே?"

ஃபரீதா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "என்ன புள்ள நடந்த? யாருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. இவள் சும்மா ஓடினவளாம்" என்றாள் அக்கா.

ஃபரீதா கொண்டுவந்த தண்ணீரைத் தானே குடித்தாள். சோமே அய்யா தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். அவர் முதுகைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கு. மூன்று பேரும் கடற்பக்க மதிலில் உட்கார்ந்து, வயிறு நோகும்வரை சிரித்தோம். காலமைக்கு நடக்க வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சிரித்து முடிந்த பிறகுதான் அக்கா சுற்றிப் பார்த்தாள். கீழே தண்டவாளம், அப்பால் கடல். பாணந்துறைப் பக்கமிருந்து ரயில் ஒன்று நிரம்பி வழிந்து கோட்டைக்குப் போனது. அக்கா அது மறையும்வரை பார்த்தாள். அவள் அழப்போகிறாள் என்று நான் பயந்தேன்.

"நான் ஓடினனான் என்ன, ஃபரீதா?"

"ஓடின நீங்க. எனக்குப் புடிக்க ஏலாமப் போச்சு."

"ரப்பர் சிலிப்பரோடை" என்றாள் அக்கா. அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. பிறகு, "அத்தான் கண்டிருந்தால் மதிலாலை விழுந்து சிரிச்சிருப்பார்" என்றாள். அப்போது அழுதது நான்தான். அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. முந்தானை இல்லாததால் ஹவுஸ்கோட்டின் கையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

6

இதன் பிறகு நடந்ததற்கு எங்கள் ஒழுங்கைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அன்று முழுக்கப் போன் அடித்தது. வைத்திலிங்கம் மாஸ்டரின் (அப்பா ஒருநாளும் மாஸ்டராக இருந்ததில்லை, ஒழுங்கை கொடுத்த பட்டம்) இரண்டு மகள்மாரும் விடிய ரோட்டில் ஓடினவையாம், என்ன சங்கதி? செத்தவீடு ஏதும் என்றால் மறைக்காதேங்கோ என்று இரண்டு பேர் நேரிலேயே வந்து கேட்டார்கள். ஒருவர் பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு வந்தார். எத்தனை பேருக்கு "சும்மா" என்று சொல்வது? அக்காவுக்கு அலுத்துவிட்டது.

"சுகருக்கு டொக்டர் சொன்னவர், அதுதான் ஓட வெளிக்கிட்டனாங்கள்" என்று சொல்லத் தொடங்கினாள். நாலு பேருக்குச் சொன்ன பிறகு மறுநாள் போகாமல் இருக்க முடியுமா? வெள்ளவத்தையில் மானம் பெரிது. அலுமாரி திறந்தது. ஊதாச் சப்பாத்து வெளியே வந்தது. நிலாதான் முழங்காலில் இருந்து கயிறு கட்டிவிட்டாள்.

நாங்கள் திரும்பி வந்து ஐந்து மாதமாகிறது. அக்கா ஓடவில்லை, நடக்கிறாள். ஃபரீதா, பிளாஸ்க் கொண்டுவந்த அன்ரி, இன்னும் யார் யாரோ சேர்ந்து பின்னேரங்களில் ஒரு கூட்டமே போகிறது. இடைக்கிடை மற்றவர்கள் பார்க்காதபோது கொஞ்சத் தூரம் ஓடிப் பார்க்கிறாளாம்; ஃபரீதா காட்டிக்கொடுத்தாள். பாதத்துக்கு உணர்ச்சி முழுதாக வரவில்லை. ஆனால் சுகர் இறங்கியிருக்கிறது, டொக்டர் குரலை உயர்த்துவதை நிறுத்தியிருக்கிறார்.

இன்றைக்குச் சனிக்கிழமை. ஓடி, நூலகம் போய், வந்து கேக்கை 'அவன்' அடுப்பில் வைத்துவிட்டு, போன ஞாயிறு அப்பாவின் பெயரைச் சொல்லிச் சனம் கத்திய கதையை ஆறுதலாகச் சொல்ல அக்காவுக்கு எடுத்தேன். அங்கே பின்னேரம் ஐந்தரை. அத்தான் போன நாளிலிருந்து அக்கா முதல் மணியிலேயே எடுப்பாள். போனைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறாள் என்று அதிலிருந்து எனக்குத் தெரியும். அந்த முதல் மணி எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சில் குத்தும். இன்று மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடித்து ஓய்ந்தது. திரும்ப எடுத்தேன். திரும்பவும் அடித்து ஓய்ந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. காற்று இரைச்சல், மோட்டார் சைக்கிள், யாரோ சிரிக்கிற சத்தம், அதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டு அக்கா: "வசந்தி, இப்ப கதைக்கேலாதடி. நிண்டால் இவை என்னை விட்டிட்டுப் போயிடுவினம். பிறகு எடு."

சமையலறை முழுக்கப் பட்டர் வாசம். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "என்ன, கொக்கா எடுக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை. அக்கா வீட்டிலை இல்லை" என்றேன்.

சொல்ல நன்றாக இருந்தது. அவர் கேட்காமலே இன்னொரு முறையும் சொன்னேன்.